கியர் தாமதமாக மாறும் பழைய ஆட்டோமேட்டிக் கார்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய காரை வைத்திருப்போர் பலர் "கியர் மெதுவாக மாறுகிறது" என்ற ஒற்றைப் புகாரோடு பட்டறைக்குச் செல்கிறார்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று சில இடங்களில் முடிவெடுத்தும் விடுகிறார்கள். வெளியிலிருந்தே சரிசெய்யக்கூடிய கோளாறுக்காக நல்ல கியர்பாக்ஸ் ஒன்று பிரிக்கப்படுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ஆகவே கோளாறு எங்கே இருக்கிறது என்பதை எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில், எந்த இடத்தில் தாமதம் ஏற்படுகிறது என்பதைத் தெளிவாக வரையறுத்துக்கொள்ள வேண்டும். லீவரை டிரைவுக்குத் தள்ளிய பிறகு கார் இழுக்கத் தொடங்கவே இரண்டு, மூன்று வினாடிகள் ஆகிறது என்றால், கியர்பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தம் உருவாகத் தாமதமாகிறது என்று பொருள். ஓடும்போது எஞ்சின் வேகம் வெகுவாக ஏறும் வரை அடுத்த கியர் வராமல், வரும்போது சட்டென்று அழுத்தமாக விழுகிறது என்றால், கியரை மாற்றச் சொல்லும் கட்டளையே தாமதமாகக் கிடைக்கிறது. கியர் மாறத் தொடங்கியபின் பிடிப்பு கிடைக்காமல், ஆர்பிஎம் முள் ஒரு கணம் மேலேறிப் பிறகு இறங்குகிறது என்றால், உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன. ஓட்டுபவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் தேட வேண்டிய இடங்கள் வேறு வேறு. சமதளமான, நெரிசலற்ற சாலையில் ஆக்ஸிலேட்டரை லேசாகவும் ஒரே சீராகவும் அழுத்தி ஓட்டும்போது, முள் எப்படி நகர்கிறது என்பதைப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் கவனித்துச் சொன்னால் போதும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும் நன்கு சூடேறிய பின் ஒருமுறையும் இப்படிப் பார்த்துக் குறித்துக்கொள்வது மிக முக்கியம். குளிரில் மந்தமாக இருந்து சூடேறியதும் சரியாகிவிடும் கியர்பாக்ஸில் வயதாகி இறுகிப்போன ரப்பர் சீல்களையும், சூடேறிய பின் மோசமாகும் கியர்பாக்ஸில் தேய்ந்த பம்பையோ ஆயிலை உரிய இடங்களுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியில் உண்டான கசிவையோ சந்தேகிக்கலாம்.

அடுத்து கியர்பாக்ஸ் ஆயில். அளவு குறைந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். அளவு கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் அழுத்தம் குறைந்து கியர் தாமதமாகும் என்பதால், குறைவைப் போலவே மிகுதியையும் சோதிக்க வேண்டும். பெரும்பாலான கார்களில், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் சூடாகி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸின் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் குச்சியைப் பார்க்க வேண்டும். சில கார்களில் எஞ்சினை அணைத்த உடனே பார்க்க வேண்டும். இதில் கையேடு சொல்வதே இறுதி. டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது. வெறும் பழுப்பு நிறம் வயதின் அடையாளம் மட்டுமே, அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கறுத்து, நடுவில் நுண்துகள்கள் தங்கி, கருகிய வாடையும் வீசினால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. இளஞ்சிவப்புப் பால்போலக் கலங்கியிருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் குளிர்விப்பான் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டவே கூடாது.

பழுதுபட்ட பழைய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்றொரு அச்சம் பரவலாக உண்டு. என் கருத்தில், அப்படிக் கெட்டவை பெரும்பாலும் ஏற்கெனவே தேய்ந்து முடிந்தவையே. ஆனாலும் பழைய கியர்பாக்ஸில் இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்து அலசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்றி, கையேடு குறிப்பிடும் அதே வகை ஆயிலை ஊற்றுவதே பாதுகாப்பானது. வகை மாறினால் உராய்வுத் தன்மையும் மாறுவதால், கிளட்ச் பிடிக்கும் விதமே மாறிவிடும்.

ஆயில் சரியாக இருந்தும் கியர் தாமதமாகவே வருகிறது என்றால், கட்டளை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வரை இந்த முடிவை ஆயில் அழுத்தமே எடுத்தது. வண்டியின் வேகத்துக்கேற்ப கவர்னர் என்ற சுழலும் பாகம் தரும் அழுத்தம் ஒரு பக்கமும், எஞ்சினின் பளுவைக் காட்டும் அழுத்தம் மறுபக்கமும் வால்வைத் தள்ளும். வேகத்தின் கை ஓங்கும்போது கியர் மாறும். பளுவை அறிவிப்பது சில வண்டிகளில் ஆக்ஸிலேட்டரோடு இணைந்த கேபிள், சிலவற்றில் எஞ்சினின் வெற்றிட உறிஞ்சலைக் கொண்டு பளுவை அறியும் வாக்யூம் மாடுலேட்டர். மாடுலேட்டருக்கு வரும் வாக்யூம் குழாய் வெடித்திருந்தாலே, எஞ்சின் பெரும் பளுவை இழுக்கிறது என்று கியர்பாக்ஸ் எண்ணிக்கொண்டு கியரைத் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாற்றும். அந்தக் குழாயைக் கையால் இழுத்துக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரமாகச் சிவப்பு ஆயில் கசிந்திருந்தால் மாடுலேட்டரின் உள்சவ்வு கிழிந்துவிட்டது. வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் ஆயில் குறைவதும், புகைக்குழாயில் வெண்புகை வருவதும் இதனாலேயே. கிழிசல் வழியாக எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி எரித்துவிடுகிறது. கேபிள் உள்ள வண்டிகளில் அது அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் கியர் தாமதமாகும். அதற்காகக் கேபிளைக் கண்டபடி தளர்த்தக் கூடாது. கியர் சீக்கிரம் மாறுவதுபோல் தோன்றும், ஆனால் அழுத்தம் குறைந்து சில நாட்களிலேயே கிளட்ச் எரிந்துபோகும்.

மின்னணுக் கட்டுப்பாடு வந்த பிறகு இந்த வேலையைச் சென்சார்களும், மின்சாரத்தால் இயங்கும் வால்வுகளான சோலினாய்டுகளும் செய்கின்றன. அங்கே கணினியில் பதிந்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் ஊகிப்பது வீண். பி0700 என்ற குறியீடு கியர்பாக்ஸில் ஏதோ இருக்கிறது என்ற அறிவிப்பு மட்டுமே. அதை வைத்து எந்தப் பாகத்தையும் வாங்கிவிட வேண்டாம். கியர்பாக்ஸின் கணினியில் பதிந்துள்ள அடுத்த குறியீட்டையும் படிக்க வேண்டும். பி0720 என்றால் கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டின் வேகத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்றையும், பி0750 என்றால் கியரை மாற்றும் முதல் (ஷிஃப்ட்) சோலினாய்டையும் பார்க்க வேண்டும். சென்சாரைக் குறைசொல்லும் முன் அதன் வயரையும் இணைப்பியையும், பேட்டரியின் எர்த் இணைப்பையும் சோதிப்பது நல்லது.

பலரும் கவனிக்காத ஒன்று எஞ்சின் வெப்பநிலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும் வரை கடைசி கியரைத் தராமல் நிறுத்திவைக்கும்படி பல கார்களின் கணினி அமைக்கப்பட்டுள்ளது. கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் சரியாகச் சூடேறுவதில்லை; அதனால் அந்தக் கியர் மிகத் தாமதமாக வரும், சில நேரம் வராமலே போகும். அதேபோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்து எஞ்சின் வலுவிழந்தால், ஓட்டுபவர் அறியாமலே ஆக்ஸிலேட்டரைக் கூடுதலாக மிதிப்பார்; அந்த மிதிக்குத் தக்கபடி கியர் தாமதமாகத்தான் மாறும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் வழுக்கினால், அழுத்தமானியை இணைத்து ஆயில் அழுத்தத்தை அளக்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும் ஸ்டால் சோதனையை நீங்களாகச் செய்ய வேண்டாம். சில வினாடிகள் நீடித்தாலே ஆயில் கொதித்துப்போகும். அழுத்தத்தை அளந்தபின், கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றும்போது கூடவே நின்று பாருங்கள். அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். பளபளக்கும் உலோகச் சிம்புகளோ, பித்தளை நிறத் துகள்களோ, கறுத்த கிளட்ச் பொருளோ திரண்டு கிடந்தால், அப்போது கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

நன்றி, வணக்கம்.