பல்லில் உரசிப் பார்த்த முத்து

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் நகைக்கடைக்கு முப்பது வருடம் மாலை கோத்தவன் நான். எதைப் பேசச் சொன்னாலும் முத்தில்தான் வந்து நிற்பேன். மலாயில் சிப்புட் என்றால் நத்தை. நத்தையும் சிப்பியும் பங்காளிகள், ஆக ஊர்ப் பெயரே எனக்குச் சாதகம்.

ஒருநாள் தோட்டத்துப் பாட்டி ஒருவர் கடைக்கு வந்தார். மைலோ டின்னுக்குள் பழைய துணி, துணிக்குள் முத்துமாலை. பேத்தி கல்யாணத்துக்குப் புது நூலில் கோத்துத் தர வேண்டுமாம். வாங்கியதும் ஒரு மணியை முன்பல்லில் வைத்து மெல்ல உரசினேன். பாட்டிக்கு வந்ததே கோபம்! "ஏன்யா, சாமி படத்துல போட்டு வச்சிருந்தத எச்சில் பண்றியே?"

காரணம் இருக்கிறது. நிஜ முத்து பல்லில் நறநறக்கும், போலி வழுக்கும். பாட்டியுடையது வழுக்கியது. லென்ஸில் பார்த்தால், துளை ஓரத்தில் பழைய சுவர்ச் சுண்ணாம்பு போலப் பூச்சு உரிந்து, உள்ளே கண்ணாடி. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவரே கேட்டார்: "பொய்யா?" "கண்ணாடி பாட்டி." "சரி, அப்ப கூலியக் கொறச்சுக்க."

அந்தப் பூச்சு என்ன தெரியுமா? மீன் ஆயும்போது விரலில் வெள்ளியாக ஒட்டுமே, அதேதான். மீன் செதிலிலிருந்து அந்த மினுக்கை எடுத்துக் கண்ணாடி மணிக்குப் பூசும் வித்தையை 17-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் ஜெபமாலை செய்பவர் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்.

நிஜ முத்து? மணல் விழுந்து முத்தாகிறது என்று படித்திருப்பீர்கள். கடலடியில் கிடக்கும் சிப்பிக்கு மணல் என்ன புதுசா? பெரும்பாலும் ஏதாவது புழு துளைக்கும், காயம்படும். சிப்பி ஓட்டின் உட்புறத்தைப் பூசும் சவ்வின் துணுக்கு சதைக்குள் போய்ப் பையாக வளரும். அந்தப் பைக்கு வேறு வேலை தெரியாது. உள்ளே பூசிக்கொண்டே இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்துக்கு மேல் அடுக்கு! முத்தின் ஒளி அந்த அடுக்குகளிலிருந்து வருவது.

வளர்ப்பு முத்தைப் போலி என்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டை. நம் ரப்பர்த் தோட்டத்தில் ஒட்டுக் கட்டுவதில்லையா? அதேபோல ஒரு சிப்பியின் சவ்வுத் துணுக்கை, சிறு உருண்டையோடு இன்னொரு சிப்பிக்குள் வைக்கிறார்கள். உருண்டையும் பெரும்பாலும் அமெரிக்க ஆற்றுச் சிப்பி ஓட்டைக் கடைந்ததுதான். பூசுவது சிப்பியே. ஜப்பானில் மிக்கிமோட்டோ என்பவர் 1893-இல் அரை முத்து எடுத்தார். உருண்டை முத்து பிறகு வந்தது. முத்துக்குளிப்புக்குப் பேர்போன தூத்துக்குடியிலும் 1973-இல் வளர்த்துக் காட்டினார்கள். ஒட்டு மரத்துப் பால் பொய்ப் பாலா? பல்லுக்கு இயற்கை முத்தும் வளர்ப்பு முத்தும் ஒன்றுதான். பிரித்துச் சொல்ல எக்ஸ்ரே வேண்டும். மறுபடி சொல்கிறேன், வளர்ப்பு வேறு, போலி வேறு.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி நேரமாச்சு என்று கையைக் காட்டுகிறார். சபாவில் செம்பொர்னா பக்கத்து முத்துப் பண்ணையைப் பற்றிக் குறிப்பு எழுதி வந்தேன், அது போச்சு. பராமரிப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன். முத்து சுண்ணாம்புப் பொருள். வினிகர், எலுமிச்சை ஆகாது. சென்ட் அடித்து முடித்த பிறகு மாலையைப் போடுங்கள். கழற்றினால் வியர்வையைத் துடைத்து, தொங்கவிடாமல் படுக்க வையுங்கள். கோக்கக் கொடுத்தால் முத்துக்கு முத்து முடிச்சுப் போடச் சொல்லுங்கள், அறுந்தாலும் ஒன்றுதான் உருளும். அப்புறம்... சரி, மணி ஆகிவிட்டது. வணக்கம்.