ககாரினுக்கு முன் பறந்த நாய்கள்

[காட்சி: லைக்காவின் கறுப்பு வெள்ளைப் படம்]

1957 நவம்பர் 3 அன்று சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் 2 கலத்தில் அனுப்பப்பட்ட லைக்கா என்ற நாயை எல்லோரும் அறிவோம். அந்தக் கலத்துக்குத் திரும்பி வரும் வழியே கிடையாது. சில மணி நேரத்திலேயே லைக்கா வெப்பம் தாங்காமல் இறந்துபோனது என்ற உண்மை 2002-இல்தான் வெளிவந்தது. ஆனால், விண்வெளிக்குப் போகும் மனிதன் உயிரோடு திரும்புவானா என்ற கேள்விக்கு விடை தந்தவை, 1960-61-இல், மனிதனை ஏற்றிச் செல்ல உருவாக்கப்பட்ட வஸ்தோக் கலத்தின் சோதனை வடிவங்களில் பறந்த, அதிகம் பேசப்படாத நாய்களே.

[காட்சி: பயிற்சிக் கூடம்]

பசியும் குளிரும் பழகியவை என்பதால் மாஸ்கோவின் தெருநாய்களையே தேர்ந்தெடுத்தார்கள். கழிவைச் சேகரிக்கும் உறையைப் பொருத்துவது எளிது என்பதால் பெண் நாய்களையும், கேமராவில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் வெளிர்நிற நாய்களையும் விரும்பினார்கள்.

1960 ஜூலை 28 அன்று பார்ஸ், லிசிச்கா என்ற இரு நாய்களுடன் புறப்பட்ட ராக்கெட், ஏவிய அரை நிமிடத்துக்குள் சிதறியது. சோவியத் அரசு வாய் திறக்கவில்லை.

[காட்சி: பெல்கா, ஸ்ட்ரெல்கா]

ஆகஸ்ட் 19 அன்று, எலிகளும் செடிகளும் உடன் வர, பெல்காவும் ஸ்ட்ரெல்காவும் புறப்பட்டு, பூமியைச் சுற்றிவிட்டு மறுநாள் உயிரோடு தரையிறங்கின. உலகம் கொண்டாடியது. மருத்துவர்களோ கலத்திலிருந்து வந்த தொலைக்காட்சிப் படத்தில் வேறொன்றைக் கவனித்தார்கள்: நான்காவது சுற்றில் பெல்கா அமைதியிழந்து, கட்டுகளை உதறித் திமிறி, வாந்தி எடுத்தது. எடையற்ற நிலை உடலை என்ன செய்யும் என்று அஞ்சிய மருத்துவக் குழுத் தலைவர் விளாதிமிர் யாஸ்தோவ்ஸ்கி, முதல் மனிதன் ஒரே ஒரு சுற்றோடு திரும்பிவிட வேண்டும் என்று பரிந்துரைத்தார்.

டிசம்பர் 1 அன்று சென்ற ப்சோல்காவும் முஷ்காவும் திரும்பவில்லை. வேகம் குறைக்கும் இயந்திரம் பிழைபட, கலம் அந்நிய மண்ணில் விழுந்துவிடக் கூடாது என்று உள்ளே வைக்கப்பட்டிருந்த வெடிமருந்து அதைத் தகர்த்தது. அந்நியர் கையில் ஒரு கலம் சிக்கக்கூடாது என்பதற்காக இரண்டு உயிர்கள் பலியிடப்பட்டதை எந்த ரகசியக் காப்பும் நியாயப்படுத்தாது என்றே கருதுகிறேன்.

1961 மார்ச்சில் செர்னூஷ்காவும் ஸ்வ்யோஸ்தச்காவும், தனித்தனியே, ஒரு பொம்மை மனிதனோடு ஒரே சுற்று சுற்றி நலமாகத் திரும்பின. ஏப்ரல் 12 அன்று விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரான யூரி ககாரின் சுற்றியதும் ஒரே சுற்றுதான். அவ்வாண்டு ஆகஸ்டில் பதினேழு சுற்றுகள் பறந்த சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் தித்தோவ் தலைசுற்றலாலும் வாந்தியாலும் அவதிப்பட்டபோது, பெல்காவின் உடல் காட்டிய அறிகுறி மனிதனுக்கும் பொருந்தும் என்பது உறுதியானது.