லிவரைப் பத்தில் வைத்தால் பலம் கூடுமா?

நேயர்களுக்கு வணக்கம். ஜிம்மில் துடுப்புப் போடுவது போல இழுக்கும் ரோயிங் மெஷினில் உட்கார்ந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் லிவரை 10-க்குத் தள்ளுவது. எண் கூடினால் பயிற்சியும் கூடும் என்று நினைப்பு. அந்த லிவர் திறப்பதும் மூடுவதும் காற்று வரும் வழியை மட்டும்தான்.

வேக்குவம் கிளீனர் குழாயின் வாயைக் கையால் அடைத்துப் பாருங்கள். மோட்டார் சத்தம் கீச்சென்று ஏறும். தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் விசிறி லேசாகி வேகமெடுக்கிறது. இங்கேயும் அதே கதைதான். லிவர் 1-ல் சக்கரத்துக்குள் கொஞ்சம் காற்றுதான் போகும். விட்ட பிறகும் நெடுநேரம் சுற்றும். 10-ல் நிறையக் காற்றை வாரி இறைக்க வேண்டியிருப்பதால் சீக்கிரம் தளர்ந்துவிடும். தளர்ந்த சக்கரத்தை ஒவ்வொரு இழுப்பிலும் மறுபடி கிளப்புவது உங்கள் இடுப்பு. முதுகு பிடித்துக்கொள்ள வேறு காரணம் தேட வேண்டாம்.

உண்மையான கனம் உங்கள் வேகத்தில் இருக்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதற்கு ஈடுகொடுக்கும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். கான்செப்ட்2 கம்பெனி மெஷினில் 500 மீட்டரை 2 நிமிடத்தில் ஓட்ட சுமார் 203 வாட் போதும். 1 நிமிடம் 40 விநாடியில் ஓட்ட 350 வாட் வேண்டும். வேகம் 20 சதவீதம்தான் கூடியது, உழைப்போ 70-ஐத் தாண்டிவிட்டது!

லிவர் எண்ணை மெஷினின் மானிட்டர் பார்ப்பதே இல்லை. நீங்கள் முன்னால் சறுக்கி வரும்போது சக்கரம் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து, 'டிராக் ஃபேக்டர்' என்று ஓர் எண் போடுகிறது. கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். கான்செப்ட்2-வின் பிஎம்5 மானிட்டரில் 'மோர் ஆப்ஷன்ஸ்' போய் 'டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர்' அழுத்திப் பத்து இழுப்பு இழுங்கள். 110-க்கும் 130-க்கும் நடுவில் நின்றால் பெரும்பாலோருக்குச் சரி. சுத்தமான மெஷினில் லிவர் 3 முதல் 5-க்குள் அது கிடைத்துவிடும். ஊட்டி உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிசு, அங்கே லிவரைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

லிவர் 10-லும் டிராக் ஃபேக்டர் 150-ஐத் தாண்டவில்லையா? சக்கரக் கூண்டுக்குள் டார்ச் அடியுங்கள். சல்லடைத் துளைகளில் சாம்பல் நிறத்தில் பஞ்சுத் தூசி அப்பியிருக்கும். வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுங்கள். சுத்தம் செய்த கையோடு எண்ணை மறுபடி பார்த்து லிவரை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து உட்காருபவர் மெஷின் இறுகிவிட்டது என்று புகார் சொல்வார்.