உருமாறும் மந்திரத்துக்கு எங்கே வேலி போடுவது?

நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன். “நண்பர்களுக்காக நானே விதிகள் எழுதி, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் கேம் ஒன்றை நடத்துகிறேன். மந்திரவாதியாக, அதாவது விஸார்டாக ஆடுபவர் 17-ஆம் லெவலை எட்டப்போகிறார். நினைத்த உருவம் எடுக்கும் மந்திரம் ஒன்றை அவருக்குத் தர வேண்டும். அது பிரமிக்க வைக்க வேண்டும். அதே சமயம் மற்ற மூவரும் கைகட்டி வேடிக்கை பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது. எப்படி எழுதலாம்?”

நல்ல கேள்வி. “எந்த உயிரினமாக வேண்டுமானாலும் மாறலாம்” என்ற வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள் என்பதுதான் என் பதில். அந்த ஒரு வரி, விளையாட்டின் உயிரினங்களைப் பட்டியலிட்டு இதுவரை வந்த அரக்கர் புத்தகங்களுக்கும் இனிமேல் வரப்போகும் புத்தகங்களுக்கும் சேர்த்து நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வெற்றுக் காசோலை.

2003-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் கேமின் 3.5 பதிப்பில் இது நன்றாகவே தெரிந்தது. அதிலிருந்த ஷேப்சேஞ்ச், மந்திரங்களில் உச்சமான ஒன்பதாம் நிலையைச் சேர்ந்தது. அது ஒவ்வொரு சுற்றிலும் புதிய உருவம் எடுக்க அனுமதித்ததோடு, அந்த உருவத்தின் இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றல்களையும் சேர்த்தே கொடுத்தது. சோடார் என்றொரு உயிரினத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை ‘விஷ்’ வரம் கேட்கும் ஆற்றல் உண்டு. விஸார்ட் அதையே மந்திரமாகப் போட்டால் லெவல் உயர உதவும் அனுபவப் புள்ளிகளில் 5,000-ஐ இழக்க வேண்டும். சோடாராக மாறிக் கேட்டால் எந்தச் செலவும் இல்லை. சோடாரை எழுதியவர் மீதும் ஷேப்சேஞ்சை எழுதியவர் மீதும் தனித்தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஓர் அரக்கனின் பக்கம், அவன் மூன்று நான்கு சுற்றுகள் சண்டையிட்டுச் சாவான் என்ற கணக்கில் எழுதப்படுவது. அதே பக்கம் மாதக்கணக்கில் விளையாடும் ஒருவரின் கைக்குப் போனால் அந்தக் கணக்கு முழுவதும் பிசகிவிடுகிறது.

ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகம் இதற்குப் பல வேலிகளைப் போட்டது. விஸார்டின் லெவலைத் தாண்டிய சேலஞ்ச் ரேட்டிங் (உயிரினம் எவ்வளவு கடினமான எதிரி என்று சொல்லும் எண்) உள்ள உருவம் கூடாது, நேரில் ஒருமுறையாவது பார்த்த இனமாக இருக்க வேண்டும், பெரிய அரக்கர்கள் மற்றவர் முறை முடிந்ததும் செய்யும் லெஜண்டரி ஆக்‌ஷன்கள் கிடையாது, ஒரு மணி நேரம் வரை கான்சென்ட்ரேஷனை (அடிபட்டால் சிதறக்கூடிய, சிதறினால் மந்திரமும் முடிந்துபோகும் மனக்குவிப்பை) காத்துக்கொள்ள வேண்டும். படிக்கும்போது கெடுபிடியாகத்தான் தெரியும். ஆனால் மேசையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 17-ஆம் லெவல் விஸார்ட் வளர்ந்த தங்க டிராகனாக மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 256 ஹிட் பாயிண்ட், அதாவது அவ்வளவு சேதத்தைத் தாங்கும் உயிர்ப்புள்ளிகள், கிடைக்கிறது. உடல்வலிமையால் தாக்குப்பிடிக்க உருட்டும் பகடையில், அதாவது கான்ஸ்டிடியூஷன் சேவில், டிராகனுக்குரிய கூட்டல் 13-உம் கூடவே வருகிறது. அடிபட்டால் கான்சென்ட்ரேஷனுக்கு எட்ட வேண்டிய எண், 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, இவற்றில் எது பெரியதோ அது. 29 சேதத்துக்கு 14. இருபது முகப் பகடையில் 1 விழுந்தாலும் 13-ஐக் கூட்டினால் 14 வந்துவிடுகிறது. அதாவது ஒரே அடியில் 30-க்கும் குறைவான எந்தச் சேதமும் அந்த மந்திரத்தை அசைக்க முடியாது. மந்திரத்துக்குப் போட்ட பூட்டின் சாவியை மந்திரமே கையில் கொடுத்துவிடுகிறது! இதை நான் புத்தகத்தைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் மேசையில் ஒரு மாலை முழுவதும் அந்த டிராகனை அடித்துப் பார்த்த பிறகுதான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

இன்னொரு ஓட்டையை மட்டும் அந்தப் புத்தகம் அடைத்தே வைத்திருந்தது. ஓர் ஆக்‌ஷன் செலவழித்து வேறு உருவம் எடுத்தாலும், அதன் ஹிட் பாயிண்ட் அதிகமாக இருந்தால் கையில் இருக்கும் எண்ணிக்கைதான் தொடரும். 2024 பதிப்பும் இதையே வேறு விதமாகச் செய்தது: முதலில் எடுக்கும் உருவத்துக்கு ஈடான தற்காலிக ஹிட் பாயிண்ட் ஒருமுறை கிடைக்கும், அடுத்தடுத்த உருவங்களுக்குக் கிடையாது. நீங்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ரோல்பிளேயிங் கேம் வேறு வழியில் போனது. 2009-இல் வந்த முதல் பதிப்பிலேயே ஒரே பெரிய மந்திரத்தைப் பல சிறிய மந்திரங்களாக உடைத்து, விலங்குக்கு ஒரு வரிசை, பூதத்துக்கு ஒரு வரிசை, டிராகனுக்கு ஒரு வரிசை என்று பிரித்தார்கள். டிராகன் வரிசையின் முதல் மந்திரத்தில் நெருப்பையோ அமிலத்தையோ ஒரே ஒரு முறைதான் உமிழலாம். மூன்றாவதில்தான் அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு நீங்கும். எந்த உருவம் எதைத் தரும் என்பதை மந்திரமே சொல்லிவிடுவதால், நாளை புதிய அரக்கர் புத்தகம் வந்தாலும் ஒன்றும் குலையாது. இரண்டாம் பதிப்பு இன்னும் இறுக்கிப் பிடித்து, போர் உருவத்தில் இருக்கும்போது வேறு மந்திரம் போடவே கூடாது என்றது. இது பாதுகாப்பானதுதான். ஆனாலும் ஒன்பதாம் நிலை மந்திரம் கைக்கு வந்த பிறகும் அச்சடித்த பட்டியலுக்குள்ளேயே ஒருவர் நிற்க வேண்டியிருப்பது எனக்குச் சற்றுச் சப்பென்றுதான் படுகிறது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இரண்டுக்கும் நடுவிலான வழி. பட்டியல் இருக்கட்டும், அதை உங்கள் விஸார்டே எழுதட்டும். கதையில் அவர் நேரில் கண்ட உயிரினங்களிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆட்டத்துக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் ஒரு சிறு அட்டையில் எழுதிவிடுங்கள்: நகரும் விதம், ஒரு தாக்குதல், அந்த உருவத்துக்கே உரிய ஓர் ஆற்றல், அவ்வளவுதான். அந்த ஆற்றல் மேசையில் வேறு யாரிடமும் இல்லாததாக இருக்க வேண்டும். ஃபைட்டர் ஏற்கெனவே வாளால் செய்துகொண்டிருப்பதை, விஸார்ட் நகத்தால் இன்னும் நன்றாகச் செய்தால், மனக்கசப்பு அங்கேதான் தொடங்கும். ஒருவர் புத்தகத்தைப் புரட்டி உருவம் தேடுவதும், மற்றவர்கள் டீயை ஆறவிட்டுக்கொண்டு காத்திருப்பதும் அட்டைகள் இருந்தால் நின்றுவிடும்.

இழப்பும் இருக்க வேண்டும். கூடு விட்டுக் கூடு பாயும் நம் கதைகளில், கிளியின் உடலுக்குள் போன மன்னனுடைய வெற்றுடலுக்குள் வேறொருவன் புகுந்துவிடுகிறான் அல்லவா? உருமாற்றத்தில் விட்டுப்போக உடல் இல்லை. எனவே விஸார்ட் விட்டுக்கொடுக்க வேண்டியது மந்திரங்களை. அட்டை மேசையில் இருக்கும்வரை அவர் வேறு மந்திரம் போட முடியாது என்று எழுதுங்கள். பேசவும் விரலை மடக்கவும் முடிந்த உருவத்துக்குக்கூட விலக்குத் தராதீர்கள். தந்தால் ஐந்து அட்டைகளும் அப்படிப்பட்ட உருவங்களாகவே வந்துவிடும்.

எதிரி அந்த மந்திரத்தைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதி வையுங்கள். மூன்றாம் நிலை டிஸ்பெல் மேஜிக்குக்கு, ஒன்பதாம் நிலை மந்திரத்தைக் கலைக்கப் பகடை வீச்சில் 19 எட்ட வேண்டும். கடினம், ஆனால் நடக்கும். 200 அடி உயரத்தில் பறக்கும் டிராகன் அந்த நொடியில் அங்கி அணிந்த மனிதனாகிக் கீழே விழும்போது, பத்து அடிக்கு ஓர் ஆறு முகப் பகடை வீதம் இருபது பகடைகள் உருளும்; சராசரி 70 சேதம். விழும் வேகத்தைக் குறைக்கும் ஃபெதர் ஃபால் மந்திரம் உங்கள் விஸார்டிடம் தயாராக இருக்கிறதா என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடாதீர்கள்.