அந்தச் சிவப்புக் குக்கர்

அவையோருக்கு வணக்கம். படம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கிறது, அதுவரை பேசுங்கள் என்றார்கள். அண்மையில் பார்த்த சில படங்களைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ 2024-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் ப்ரீ வாங்கியது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே முதன்மைப் போட்டிக்குப் போன இந்தியப் படம். விருது கிடக்கட்டும். பிரபா மும்பையில் வேலை பார்க்கும் மலையாள நர்ஸ். ஜெர்மனிக்குப் போன கணவரிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. ஒருநாள் பார்சலில் ஒரு சிவப்பு ரைஸ் குக்கர் வருகிறது. அனுப்பியவர் பெயர் கிடையாது. ராத்திரி தனியாகத் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டி அணைத்துக்கொள்கிறாள். கண்ணீர் இல்லை, வசனம் இல்லை. கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம் தெருவிலும் உண்டு. அந்த வீட்டு அலமாரிகளில் இருக்கும் சாமான்களை இனி என்னால் வெறும் சாமானாகப் பார்க்க முடியாது.

மாரி செல்வராஜின் ‘வாழை’யில் வாழைத்தார் சுமக்கும் பிள்ளையின் கழுத்து நோவதை நான் என் கழுத்தில் உணர்ந்தேன். தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பதற்குத்தான் அத்தனை போராட்டம். நாளெல்லாம் தார் சுமக்கும் வீட்டுப் பிள்ளை, பசியில் ஒரு பழம் பறித்ததற்கு அடிபடுகிறான். அதைவிடப் பெரிய சோகத்தை எந்தப் பின்னணி இசையும் எனக்குச் சொல்லிவிட முடியாது. கடைசியில் இசை கொஞ்சம் அடங்கியிருக்கலாம் என்பது என் ஆசை.

‘மெய்யழகன்’ வெளியான பிறகு சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். இரண்டு பேர் விடிய விடியப் பேசுவதுதானே அந்தப் படம்!

விம் வெண்டர்ஸின் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ படத்தில் டோக்கியோவில் கழிப்பறை கழுவும் ஹிராயாமா, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தையும் சின்னக் கண்ணாடி பிடித்துப் பார்த்துத் துடைக்கிறார். கோஜி யாகுஷோவின் நடிப்பு அபாரம். ஆனாலும் அந்த அமைதியை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. மனிதரைக் கழிவு அள்ள வைக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் போட்ட பிறகும் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர்கள் இறங்கிச் சாகிற நாட்டில் உட்கார்ந்துகொண்டல்லவா நான் அதைப் பார்க்கிறேன்?

இன்றைய படம் பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. முதல்முறை அதை ஓடும் பஸ்ஸில் கைபேசியில் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு ஒரு ராத்திரி வீட்டில் விளக்கணைத்துப் பார்த்தபோதுதான் காது திறந்தது. பின்னணி இசையே இல்லை. ஆட்டோவின் உறுமல், காற்று, சேவலின் சிறகடிப்பு மட்டும்தான். நடுவில் ஒரு காளை வழிமறித்து நிற்கும். மீசை முறுக்கிய ஆண்களால் அதை நகர்த்த முடியாது. ஒரு சின்னப் பெண் வந்து கூட்டிக்கொண்டு போவாள். அவள் நடந்து போவதைக் கவனித்துப் பாருங்கள்.

கைபேசிகளை அணைத்துவிடுங்கள். திரை இருண்டதும் உடனே எழுந்துவிட வேண்டாம். தம்பி, விளக்கை அணைக்கலாம்.