இரும்பு வில்லின் மேல் ஒரு நடை

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் இரும்புக் கட்டுமான வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உயரத்தில் நின்று போல்ட் முடுக்குவதுதான் என் பிழைப்பு. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே உள்ள பாலத்தின் மேல்தான் முதலில் என் கண் போகும். இன்று பேசப்போவது ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகப் பாலம். சரியாகச் சொன்னால், அதன் உச்சிக்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்களே, அந்த ஏற்பாடு.

பாலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புத்தாண்டு இரவில் தொலைக்காட்சியில் வாணவேடிக்கைக்கு நடுவே தெரியுமே, அந்த இரும்பு வில். கரைக்குக் கரை ஒரே தாவலாக 503 மீட்டர். உச்சி தண்ணீருக்கு மேல் 134 மீட்டர், அதாவது 440 அடி. நம் மேட்டூர் அணை 214 அடி. இரண்டு மேட்டூரை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் வில் இன்னும் கொஞ்சம் மேலே நிற்கும். 1998 முதல் பொதுமக்கள் கட்டணம் கட்டி, வழிகாட்டியோடு அதன் மேல் நடந்து போகலாம்.

ஏறுவதற்கு முன்னால் நடப்பதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் ஊதச் சொல்லி, குடித்திருக்கிறோமா என்று பார்க்கிறார்கள். அப்புறம் சட்டைப்பையில் இருப்பது எல்லாம் வெளியே வர வேண்டும். கைபேசி, சாவி, சில்லறை, கைக்கடிகாரம் எதற்கும் அனுமதி இல்லை. மேலே ஒரு முழு உடுப்பு. மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு, தொப்பிக்குக் கயிறு, கைக்குட்டைக்குக்கூட மணிக்கட்டில் ஒரு மாட்டல். ஏன் இத்தனை? கீழே கார் போகிறது, ரயில் போகிறது, தண்ணீரில் படகு போகிறது. அந்த உயரத்திலிருந்து விழும் ஒரு சாவி போதும். எங்கள் வேலையிலும் ஸ்பானரைக் கயிற்றால் கையில் கட்டிக்கொள் என்று மேஸ்திரி கத்திக்கொண்டே இருப்பார். அதே கண்டிப்பைக் கடல் தாண்டிப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்தது.

பிறகு இடுப்பில் ஒரு பெல்ட். அதிலிருந்து ஒரு கொக்கி, பாதை நெடுக ஓடும் எஃகுக் கம்பியில் மாட்டப்படுகிறது. மாட்டியபின் இறங்கி வரும்வரை அது கழலாது. கம்பியைத் தாங்கும் ஒவ்வொரு பிடிப்பையும் அது டக் டக் என்று தாண்டி நம் கூடவே வரும்.

என் மனைவி ஏற்காடு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார மாட்டார். இருபது கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை கண்ணைத் திறக்கவும் மாட்டார். அவர் ஏறினார். முதலில் சாலைக்கு அடியில் குறுகலான நடைபாதை. பிறகு செங்குத்தான ஏணிகள். சாலை மட்டத்துக்கு வரும்போது பக்கத்திலேயே வண்டிகள் இரைந்துகொண்டு போகின்றன. அங்கே நின்றுவிட்டார். வழிகாட்டிப் பெண் அவசரப்படுத்தவில்லை. காதில் மாட்டிய கருவி வழியே, “கொக்கியை இழுத்துப் பாருங்கள், உங்கள் கையாலேயே இழுத்துப் பாருங்கள்” என்றார். இவர் இழுத்தார். இன்னொரு முறை பலமாக இழுத்தார். அப்புறம் நடந்தார். ஏணி முடிந்து வில்லின் மேல்பக்கம் வந்துவிட்டால் படி அகலம், சரிவும் மெதுவானது. உச்சியில் நின்று, துறைமுகக் கரையில் உள்ள ஓபரா ஹவுஸ் என்ற கலை அரங்கத்தை எனக்குச் சுட்டிக் காட்டியதே அவர்தான்.

வழிகாட்டி இல்லாமல் ஏறினால் அது வெறும் உயரம்தான். கூட ஒருவர் வந்து சொல்லச் சொல்லத்தான் அங்கே உழைத்தவர்கள் கண்முன் வருகிறார்கள். பாலத்தில் சுமார் 60 லட்சம் ரிவெட், அதாவது எஃகுத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி. அடுப்பில் ரிவெட்டைச் செக்கச்செவேலென்று காய்ச்சி ஒருவர் வீசுவார். இன்னொருவர் அந்தரத்தில் நின்று வாளியில் பிடிப்பார். ஆறுவதற்குள் துளையில் இறக்கி அடித்துவிட வேண்டும். வில்லின் இரண்டு பாதிகளும் இரு கரையிலிருந்தும் வளர்ந்து வந்தன. விழாமல் பின்னாலிருந்து எஃகு வடங்கள் இழுத்துப் பிடித்திருந்தன. 1930 ஆகஸ்டில் வடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 19-ஆம் தேதி இரவு நடுவில் சேர்த்தார்கள். வின்சென்ட் கெல்லி என்ற தொழிலாளி மேலிருந்து தண்ணீரில் விழுந்து, விலா எலும்பு முறிந்தும் பிழைத்து, சில வாரங்களில் வேலைக்கே திரும்பினார். பால வேலைக்கு வந்த 16 பேர் உயிரோடு திரும்பவில்லை. ரிவெட் தலைகளைத் தொட்டுக்கொண்டே இதைக் கேட்க வேண்டும், நேயர்களே. தொட்டுக்கொண்டே கேட்க வேண்டும்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆயிற்று என்று கை காட்டுகிறார்கள். மேட்டூரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாலம் 1932-இல் திறந்தது. நம் அணை 1934-இல் முடிந்தது. இரண்டும் ஒரே காலத்து வேலை. அங்கே போல இங்கேயும் தகுந்த காவலோடு, சின்னச் சின்னக் குழுவாக அணைமேல் கூட்டிப் போகலாம். 16 கண் மதகு எப்படித் திறக்கிறது, கல் எப்படி வந்தது, தண்ணீர் வற்றும்போது பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் அணைநீரில் மூழ்கிய எந்த ஊர்களுடையவை என்று உள்ளூர்ப் பிள்ளைகளையே பழக்கிச் சொல்ல வைக்கலாம். நீர்வளத் துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் முடியும்.

சிட்னி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 8 வயது ஆன பிள்ளைகள் ஏறலாம். நன்றாகப் பிடிக்கும் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முழுதாக ஏறி இறங்கச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் கழிப்பறை கிடையாது. வணக்கம்.