‘சீ!’ என்றால் போதுமா?

நண்பர்களே, தெருவில் ஒருவன் ஒரு பாட்டியின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். நீங்கள் ‘சீ!’ என்கிறீர்கள். பக்கத்தில் நிற்பவர் ‘இது தப்பு’ என்கிறார். உங்களைவிட அவர் கூடுதலாக ஏதாவது சொல்லிவிட்டாரா?

ஒன்றும் சொல்லவில்லை என்றார் பிரிட்டிஷ் தத்துவவாதி ஏ. ஜே. ஏயர். 1936இல் அவருடைய முதல் புத்தகம் வந்தபோது வயது 25தான். ‘நீ பணத்தைத் திருடியது தப்பு’ என்றாலும் ‘நீ பணத்தைத் திருடினாய்’ என்றாலும் தகவல் ஒன்றே. மிச்சமெல்லாம் குரலில் ஏறும் வெறுப்பு, எழுத்தில் ஓர் ஆச்சரியக்குறி. அது மெய்யும் ஆகாது, பொய்யும் ஆகாது. தும்மலை யாராவது மறுத்துப் பேச முடியுமா? இந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். நியாயம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பாதி நேரம் கோபத்தைத்தானே கொட்டுகிறோம். என் வீட்டில் கேட்டால் முக்கால் நேரம் என்பார்கள்.

சரி, அப்படியானால் இன்னொரு தத்துவவாதி பீட்டர் கீச் 1965இல் காட்டிய வாக்கியத்தை என்ன செய்வது? ‘பூனையை வதைப்பது தப்பென்றால், தம்பியை ஏவி வதைக்கவைப்பதும் தப்பு.’ இதைச் சொல்பவர் யாரையும் திட்டவில்லை. பூனை வதையைக் கண்டு முகம் சுளிக்கக்கூட இல்லை. ‘என்றால்’ என்கிறார், அவ்வளவுதான். வெறுப்பே இல்லாத இடத்திலும் ‘தப்பு’ என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. அதை வைத்து வாதம் கட்டலாம், முடிவுக்கு வரலாம். வெறும் ‘சீ’யை வைத்து அது நடக்காது.

ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவவாதி ஃபிலிப்பா ஃபுட்டுக்கு உறுத்தியது வேறு. 1945இல் நாஜி வதைமுகாம்களின் செய்தி வருகிறது. ஏயர் சொன்னபடி பார்த்தால், நாஜிகளுக்கு ஒரு மனப்பான்மை, நமக்கு ஒன்று, அதற்கு மேல் பேச ஏதுமில்லையா? இதை அவரால் ஏற்க முடியவில்லை. அப்புறம் அவர் ஒரு வேடிக்கையான உதாரணம் தந்தார். மணிக்கு மூன்று முறை கைகளைக் கோத்துக்கொள்வது நல்ல செயல் என்று ஒருவன் சொல்கிறான். நமக்குக் கோபம் வராது, புரியாது. ஏதாவது வேண்டுதலா என்று கேட்போம். ‘நல்லது’ என்ற சொல்லை நினைத்த இடத்தில் ஒட்ட முடியாது. மனிதருக்கு வரும் நன்மை தீமையை அது எங்காவது தொட்டாக வேண்டும்.

2001இல், 80 வயதில், இன்னும் ஒரு படி போனார்: ஓக் மரத்துக்கு ஆழமான வேர் போல மனிதனுக்கு நற்பண்புகள் என்றார். இங்கேதான் எனக்கு முழு நிம்மதி வரவில்லை. மரத்துக்கு என்ன வேண்டும் என்று தோட்டக்காரர் சொல்லிவிடுவார். மனிதனுக்கு என்ன வேண்டும் என்பதில்தானே சண்டையே! உங்கள் கேள்விகளை அங்கிருந்தே தொடங்குங்கள்.